செப்டம்பரில் பார்க்க வேண்டும்: துருவ ஓசோன் மீட்சியும் அதன் அளவீடும்



இயற்பியல் கற்பித்த ஒரு நல்லாசிரியரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. ஆய்வகத்தில் ஒரு மாணவர் எடுத்த அளவு பாடநூல் விடையோடு பொருந்தாவிட்டால், அதை அழித்து எழுத அவர் விடமாட்டார் என்று அவரிடம் படித்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவர் நினைவில் பேசும்போது அளவீட்டைப் பற்றிப் பேசுவதே பொருத்தம் என்று தோன்றியது.

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 16, ஓசோன் தினத்தன்று, பள்ளி கல்லூரிக் கூட்டங்களில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: ஓசோன் ஓட்டை மூடிவிட்டதா, இல்லையா? செய்தித்தாள் தலைப்புகளை வைத்துப் பதில் சொல்லப் போனால் குழப்பந்தான் மிஞ்சும். 2019இல் அண்டார்டிகா ஓட்டை பல ஆண்டுகளில் காணாத அளவு சிறியது என்றார்கள். அடுத்த ஆண்டே பெரியது, டிசம்பர் கடைசிவரை நீடித்தது என்றார்கள். 2021, 2022, 2023 ஆகிய ஆண்டுகளிலும் பெரியதாகவே இருந்தது. 2024இல் மறுபடியும் சிறியது. இந்தத் தலைப்புகள் எதுவும் பொய்யில்லை. ஆனால் இவற்றில் எந்த ஒன்றை வைத்தும் ஓசோன் படலம் மீள்கிறதா என்று தீர்மானிக்க முடியாது. மீள்கிறது என்று இன்று விஞ்ஞானிகள் உறுதியாகச் சொல்கிறார்கள். அந்த உறுதி எப்படிக் கிடைத்தது, அதற்குப் பின்னால் எத்தனை பத்தாண்டுகளின் உழைப்பு இருக்கிறது என்பதுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் அலகைப் பார்த்துவிடுவோம். நம் தலைக்கு நேர் மேலே காற்று மண்டலம் முழுவதிலும் பரவிக் கிடக்கும் ஓசோனை எல்லாம் கீழே கொண்டுவந்து, கடல்மட்ட அழுத்தத்தில், சுழியம் டிகிரி வெப்பநிலையில் ஒரே படலமாக விரித்தால், உலகச் சராசரியில் அதன் கனம் 3 மில்லிமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு ஒரு டாப்சன் அலகு. ஆகவே சராசரி 300 டாப்சன். 220க்குக் கீழே இறங்கிய பகுதியை ஓட்டைக்குள் சேர்க்கிறார்கள். 1979க்கு முன் அண்டார்டிகாவின் மேல் அதைவிடக் குறைந்த அளவு பதிவானதே இல்லை. அதனால்தான் 220 என்ற எல்லைக்கோடு.

இந்த அலகுக்குப் பெயர் தந்தவர் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஜி.எம்.பி. டாப்சன். 1920களில் அவர் உருவாக்கத் தொடங்கிய நிறமாலை ஒளிமானி இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள ஒரு பெட்டி. சாளரம் வழியாக உள்ளே வரும் சூரிய ஒளியைக் குவார்ட்ஸ் பட்டகம் பிரிக்கிறது. அதிலிருந்து இரண்டு புறஊதா அலைநீளங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்று 305.5 நானோமீட்டர், இதை ஓசோன் நன்றாக உறிஞ்சும். மற்றது 325.4, இதை அவ்வளவாகத் தொடாது. இரண்டும் மாறி மாறி ஓர் ஒளியுணர் குழாயில் விழுகின்றன. வலுவாக விழும் ஒளியின் குறுக்கே, வரவர அடர்த்தியாகும் ஆப்பு வடிவக் கண்ணாடி ஒன்று நகர்கிறது. அளப்பவர் வட்டத்தட்டைத் திருகித் திருகி, இரண்டு ஒளியும் சமமாகி மின்னோட்டமானியின் முள் சுழியத்தில் நிற்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். நின்றதும் தட்டில் உள்ள எண்ணையும் மணியையும் எழுதிக்கொள்வார். பிறகு 317.6, 339.8 என்ற இன்னோர் இணைக்கும் இதையே செய்வார். இரண்டு இணைகளையும் சேர்த்துக் கணக்கிட்டால், காற்றிலுள்ள தூசும் புகையும் செய்யும் தடங்கல் பெரும்பாலும் கழிந்துபோகும்.

துருவத்தில் இந்த வேலை மிகக் கடினம். சூரியன் அடிவானத்தை ஒட்டியே நகரும். ஒளி காற்றின் ஊடே வெகுதூரம் சாய்வாக வந்து சேர்வதற்குள் புறஊதாப் பகுதி மெலிந்துபோகும். குளிர்காலத்தில் சூரியனே கிடையாது. முழுநிலவை ஒட்டிய சில இரவுகளில் நிலவொளியை வில்லையால் குவித்து அளப்பார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. ஓசோன் எவ்வளவு ஒளியை உறிஞ்சும் என்பது அதன் வெப்பநிலையைப் பொறுத்தது. டாப்சன் கணக்கு, ஓசோன் அடுக்கு சுமார் மைனஸ் 46 டிகிரியில் இருப்பதாக வைத்துக்கொள்கிறது. அண்டார்டிகாவின் வசந்தத் தொடக்கத்தில் அது மைனஸ் 80ஐ நெருங்கியிருக்கும். எனவே அளவுகளைப் பின்னால் திருத்த வேண்டியிருக்கிறது. திருத்த முடிவதற்குக் காரணம், எழுதிவைத்தது முடிவான விடையை மட்டுமல்ல, தட்டில் கண்ட எண்ணையும்தான். 1957இல் ஒருவர் பென்சிலால் குறித்த எண்ணை, இன்றைய உறிஞ்சுகெழுவைக் கொண்டு மறுபடியும் கணக்கிடலாம். மூல எண்ணைத் தூக்கிப்போட்டிருந்தால் இது நடக்குமா? மாணவர்கள் இதை மட்டுமாவது மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1957-58 பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டை ஒட்டி, பிரிட்டன் அண்டார்டிகாவில் ஹாலி பே என்ற நிலையத்தை அமைத்தது. கடலில் மிதக்கும் பிரன்ட் பனித்தட்டின் மேல் இருக்கும் நிலையம் அது. அங்கே ஒரு டாப்சன் கருவியை நிறுவினார்கள். முதல் வசந்தத்திலேயே டாப்சனுக்கு அதிர்ச்சி. வடக்கே ஸ்பிட்ஸ்பெர்கனில் அதே பருவத்தில் கிடைக்கும் அளவைவிட 150 அலகு குறைவாக வந்தது. கருவி கெட்டுவிட்டதோ, அளப்பவர் தவறு செய்கிறாரோ என்று முதலில் எண்ணினார்கள். நவம்பரில் அளவு சட்டென்று ஏறியது. அடுத்த ஆண்டும் அதே கதை. கருவி சரியாகத்தான் இருந்தது. தென்துருவமே வேறு மாதிரி இயங்கியது. அங்கே குளிர்காலத்தில் துருவத்தைச் சுற்றி வீசும் மேல்காற்றுச் சுழல் வலுவானது. வசந்தத்தின் பிற்பகுதிவரை உடையாமல், வெளியிலிருந்து ஓசோன் நிறைந்த காற்று உள்ளே வராதபடி தடுத்துவிடுகிறது. இது இயற்கை. அப்போதுகூட அக்டோபர் சராசரி 300 டாப்சன் அளவில் இருந்தது. இந்தப் பழைய எண்களைப் பிற்காலத்தில் சிலர், ‘ஓட்டை அப்போதே இருந்தது’ என்று வாதிடப் பயன்படுத்தினார்கள். உண்மையில், பிறகு நடந்தது இயற்கையல்ல என்று நிரூபிக்க உதவியவையே அந்த எண்கள்தான்.

பெரிய செய்தி எதையும் தராமல் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த வரிசை நீண்டது. கேம்பிரிட்ஜில் பிரிட்டிஷ் அண்டார்டிக் ஆய்வகத்தில், தாள்களில் தேங்கிக் கிடந்த அளவுகளைக் கணினியில் ஏற்றும் வேலை இளைஞர் ஜொனாதன் ஷாங்க்ளினிடம் வந்தது. பொதுமக்கள் ஆய்வகத்தைப் பார்க்க வரும் நாளுக்காக, ஓசோன் அளவு இருபது ஆண்டுகளாக மாறவில்லை, கவலை வேண்டாம் என்று காட்டும் வரைபடம் ஒன்றைத் தயாரிக்க முயன்றார். வசந்தகால எண்கள் ஒத்துழைக்க மறுத்தன. ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர் இருவரோடும் சேர்ந்து சரிபார்த்தார். புதிய கருவியும் அதே கதையைச் சொன்னது. 300 அளவில் இருந்த அக்டோபர் சராசரி 1984இல் 200க்கும் கீழே போயிருந்தது. 1985 மே மாதம் ‘நேச்சர்’ இதழில் மூவரின் கட்டுரை வெளிவந்தது. ஜப்பானின் சியோவா நிலையத்தில் 1982இல் அளந்த ஷிகெரு சுபாச்சியும் இந்தக் குறைவைக் கண்டு, 1984இல் கிரேக்கத்தில் நடந்த ஓசோன் மாநாட்டில் வைத்திருந்தார். அவருக்கு உரிய பெருமை அப்போது கிடைக்கவில்லை.

இங்கே ஒரு கதையைச் சரிசெய்ய வேண்டும். நாசாவின் நிம்பஸ்-7 செயற்கைக்கோள் 1978 முதல் மேலே இருந்தும் ஓட்டையை ஏன் காணவில்லை? கணினி நிரல் குறைந்த எண்களைக் குப்பையில் போட்டுவிட்டது என்று பல நூல்களில் படித்திருப்பீர்கள். நடந்தது அதுவல்ல. 180க்குக் கீழான அளவுகளைச் சந்தேகத்துக்குரியவை என்று நிரல் குறியிட்டு வைத்தது; அழிக்கவில்லை. குறியிட்ட எண்கள் குவிந்தபோது ஆய்வாளர்கள் அவற்றைத் தென்துருவ நிலையத்தின் தரை அளவோடு ஒப்பிட்டார்கள். அந்தத் தரை அளவு 300 என்று காட்டியது. ஆனால் அங்கிருந்து அனுப்பப்பட்ட அந்த எண்தான் தவறானது. ஒப்பிட இன்னொரு நல்ல நிலையம் கையில் இருந்திருந்தால் கண்டுபிடிப்பு முன்கூட்டியே வந்திருக்கும். மூல எண்கள் காப்பாற்றப்பட்டிருந்ததால், ஃபார்மன் கட்டுரை வந்ததும் பழைய செயற்கைக்கோள் தரவை மறுபடி ஆய்ந்து, குறைவு அண்டார்டிகா முழுக்கப் பரந்திருப்பதைச் சில மாதங்களிலேயே வரைபடமாகக் காட்ட முடிந்தது.

காரணத்தை நீங்கள் அறிவீர்கள்; சுருக்கமாகச் சொல்கிறேன். குளிர்சாதனப் பெட்டிகளிலும் நுரைப்பொருள்களிலும் ஸ்ப்ரே புட்டிகளிலும் பயன்பட்ட சி.எஃப்.சி. வாயுக்கள் மேலே போய்க் குளோரினை வெளிவிட்டு ஓசோனை அழிக்கும் என்று மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974இலேயே எழுதினார்கள். துருவத்தில் ஏன் இவ்வளவு கடுமை என்பதற்கு விடை கண்டவர்களில் முதன்மையானவர் சூசன் சாலமன். மைனஸ் 78 டிகிரிக்குக் கீழே அடுக்கு மண்டலத்தில் மேகங்கள் உருவாகின்றன. தீங்கு செய்யாத சேர்மங்களில் அடைபட்டிருக்கும் குளோரின், அந்த மேகத்துகள்களின் பரப்பில் விடுபடுகிறது. இருளில் காத்திருந்து, வசந்தத்தில் சூரியன் எட்டிப்பார்த்ததும் அழிவு தொடங்குகிறது. 1986இல் மெக்மர்டோ நிலையத்திலிருந்து சாலமன் குழுவும், 1987இல் சிலியின் புன்டா அரீனசிலிருந்து பறந்த ஆய்வு விமானங்களும் இதை உறுதிசெய்தன. 1987 செப்டம்பர் 16இல் மான்ட்ரியல் நெறிமுறை கையெழுத்தானது. இந்தியா 1992இல் சேர்ந்தது. பின்னாளில் உலகின் எல்லா நாடுகளும் ஏற்றுக்கொண்டன.

இனித்தான் இன்றைய பேச்சின் மையம். ஒரு பொருளைத் தடைசெய்தால் அது காற்றிலிருந்து உடனே போய்விடுவதில்லை. சி.எஃப்.சி.-11இன் ஆயுள் சுமார் 50 ஆண்டு; சி.எஃப்.சி.-12இன் ஆயுள் சுமார் 100. அண்டார்டிகாவின் மேலடுக்கில் குளோரின், புரோமின் சுமை 2000ஆம் ஆண்டு வாக்கில் உச்சத்தைத் தொட்டு, இறங்கத் தொடங்கியது. 1980ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்ப வேண்டிய தூரத்தில், 2022 தொடக்கத்தில் கடந்திருந்தது கால்பங்கு போலத்தான். இறக்கம் மெதுவானது, சீரானது, எதிர்பார்த்தபடி நடப்பது. இந்தப் பக்கத்தில் பெரிய சந்தேகமில்லை. சந்தேகம் அடுத்த கேள்வியில்தான்: குளோரின் குறைந்ததற்கு ஓசோன் பதில் சொல்கிறதா?

ஒரு வருஷம் ஏரி நிரம்பி மறுகால் பாய்ந்ததை வைத்து, மழை கூடிவிட்டது என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார். ஓசோனும் அப்படித்தான். 2000 செப்டம்பரில் ஓட்டை ஒரே நாளில் கிட்டத்தட்ட 3 கோடி சதுர கிலோமீட்டரை எட்டியது. இரண்டே ஆண்டில், 2002இல், அடுக்கு மண்டலம் திடீரென வெப்பமடைந்து சுழல் இரண்டாக உடைந்தது. ஓட்டையும் இரண்டாகி ஒடுங்கிப்போனது. குளோரின் அதற்குள் குறைந்துவிடவில்லை, வானிலைதான் அப்படி. 2006இல் மறுபடி மிகப் பெரியது. 2015இல் சிலியின் கல்புக்கோ எரிமலை வெடித்து, அதன் கந்தகத் துகள்களால் அக்டோபர் ஓட்டை பெருத்தது. 2019இன் சிறிய ஓட்டைக்கும் திடீர் வெப்பமே காரணம். அந்த ஆண்டு இறுதியில் மூண்ட ஆஸ்திரேலியக் காட்டுத்தீயின் புகை அடுக்கு மண்டலம்வரை ஏறி, ஓசோன் அழிவுக்கு வேறொரு வழி திறந்தது. 2022 ஜனவரி 15இல் கடலடியில் வெடித்த ஹுங்கா டோங்கா, அடுக்கு மண்டலத்தின் நீராவியைச் சுமார் பத்து விழுக்காடு கூட்டியது. இத்தனை ஆட்டத்துக்கும் நடுவே, ஆண்டுக்குச் சிறிது சிறிதாக வரும் முன்னேற்றத்தை எங்கே தேடுவது?

தேடும் மாதத்தை மாற்று என்றார் சாலமன். 2016இல் ‘சயன்ஸ்’ இதழில் அவர் குழு வெளியிட்ட கட்டுரையின் நயம் இங்கேதான் இருக்கிறது. ஓட்டை ஆழமாவது அக்டோபர் முற்பகுதியில். ஃபார்மன் காலத்திலிருந்து எல்லோரும் அக்டோபரையே பார்த்துவந்தார்கள். ஆனால் 14 முதல் 21 கிலோமீட்டர் உயரத்தில் அக்டோபருக்குள் ஓசோன் ஏறக்குறைய முற்றாக அழிந்துபோயிருக்கும். அழிக்க ஒன்றுமில்லாத இடத்தில் குளோரின் கொஞ்சம் குறைந்தாலும் விடை சுழியமாகத்தானே வரும்? செப்டம்பரில் அழிவு நடந்துகொண்டிருக்கிறது. அழிவின் வேகத்தைத் தீர்மானிப்பது குளோரினின் அளவு. எனவே செப்டம்பரில் பார்த்தால், ஓட்டை திறக்கும் நாள் தள்ளிப்போகிறதா, விரியும் வேகம் குறைகிறதா என்று தெரியும். தெரிந்தது. 2000ஆம் ஆண்டோடு ஒப்பிட, செப்டம்பர் ஓட்டையின் பரப்பு 40 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் சுருங்கியிருந்தது. அது இந்தியாவின் பரப்பைவிடப் பெரியது. அந்தச் சுருக்கத்தில் பாதிக்கு மேல் குளோரின் குறைவால் மட்டுமே வந்தது என்று மாதிரிக் கணக்குகள் காட்டின.

இந்தக் கணக்குக்குத் தரைமட்டச் சான்று தென்துருவத்தின் பலூன்கள். அமுண்ட்சென்-ஸ்காட் நிலையத்தில் சூரியன் ஆண்டுக்கு ஒரே முறைதான் உதிக்கும், செப்டம்பர் மூன்றாம் வாரத்தில். அதற்கு முன் டாப்சன் கருவிக்கு ஒளி இல்லை. ஆகவே 1986 முதல் அமெரிக்க நோவா அமைப்பினர் இருளிலேயே பலூன் விடுகிறார்கள். தெர்மாகோல் பெட்டி ஒன்று. உள்ளே ஒரு சிறு டெஃப்லான் பம்பு, பொட்டாசியம் அயோடைடு கரைசல் நிரப்பிய இரண்டு கிண்ணங்கள். பம்பு வெளிக்காற்றை இழுத்துக் கரைசலில் குமிழியிடுகிறது. காற்றில் ஓசோன் இருந்தால் அயோடைடோடு வினைபுரிந்து, சில மைக்ரோஆம்பியர் மின்னோட்டம் உண்டாகும். அதை ரேடியோ கீழே அனுப்பும். குளிர்காலத்தில் சாதாரண ரப்பர் பலூன் விறைத்து உடையும் என்பதால் மெல்லிய பிளாஸ்டிக் பலூன். மைனஸ் 60 டிகிரியில், காற்றில், நிலவோ டார்ச்சோ காட்டும் வெளிச்சத்தில் இதைத் தூக்கிப் பிடித்து விடவேண்டும். ஆகஸ்டில் விட்ட பலூனின் வரைபடத்தில் 15 முதல் 20 கிலோமீட்டருக்கிடையே பெரிய புடைப்பு ஒன்று தெரியும். அதுதான் ஓசோன் அடுக்கு. அக்டோபர் முதல் வாரப் பலூனில் அந்தப் புடைப்பு இருக்காது. கோடு அச்சை ஒட்டியே மேலே போகும். இரண்டு வரைபடங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த எவரும் மறக்கமாட்டார்கள். செப்டம்பரில் அந்தப் புடைப்பு நாளுக்கு எவ்வளவு கரைகிறது என்ற வீதத்தை ஆண்டுதோறும் கணக்கிட்டுவருகிறார்கள். மீட்சியைச் சொல்லும் அளவுகோல்களில் என்னைக் கேட்டால் இதுவே மிக நேர்மையானது.

வேறு வழிகளும் கைகொடுத்தன. 2004இல் ஏவிய அவுரா செயற்கைக்கோளின் நுண்ணலைக் கருவி, காற்று தானாக வெளியிடும் நுண்ணலைகளைக் கேட்பதால் இருளிலும் அளக்கும். அதன் தரவைக் கொண்டு சூசன் ஸ்ட்ரேஹன், ஆன் டக்ளஸ் இருவரும் 2018இல், குளிர்கால ஓசோன் அழிவு 2005க்கும் 2016க்கும் இடையே சுமார் 20 விழுக்காடு குறைந்ததைக் காட்டினார்கள். அழிவு முடிந்தபின் குளோரின் ஹைட்ரஜன் குளோரைடாக மாறி நிற்கும் அளவை எடுத்து, குளோரினும் குறைந்திருப்பதைச் சேர்த்தே காட்டினார்கள். 2025 மார்ச்சில் பெய்டாங் வாங்கும் சாலமனும் மற்றவர்களும், காலநிலை மாற்றத்துக்கு மனிதரே காரணம் என்று நிறுவப் பயன்பட்ட ‘கைரேகை’ முறையை ஓசோனுக்குப் பொருத்தினார்கள். எந்த மாதத்தில், எந்த உயரத்தில் எவ்வளவு மீட்சி வரவேண்டும் என்ற வடிவத்தை முன்கூட்டிக் கணித்து, அதை அளவுகளில் தேடினார்கள். மீட்சிக்கு முதன்மைக் காரணம் ஓசோன் அழிக்கும் வாயுக்களின் குறைவே என்று 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்ல முடிந்தது. எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அக்டோபரில் சுழலின் நடுப்பகுதியில் ஓசோன் இன்னும் குறைந்துவருகிறது என்று 2023இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் எழுதினார்கள். அண்மை ஆண்டுகளின் அசாதாரண நிகழ்வுகள்தான் அப்படிக் காட்டுகின்றன என்று மற்றவர்கள் மறுத்தார்கள். இந்த விவாதம் நல்லது. தரவுத் தொடர் நீளமாக இருந்தால்தான் இதுவும் தீரும்.

வடதுருவம் இன்னும் கடினமான கணக்கு. அங்கே மலைகளும் நிலமும் கடலும் கலந்திருப்பதால் மேல்காற்றுச் சுழல் அடிக்கடி கலைந்துபோகும். பல ஆண்டுகளில் மேகம் உருவாகும் அளவுக்குக் குளிர்வதே இல்லை. குளிர்ந்தால் பெரிய இழப்பு. 2011 வசந்தத்தில் அப்படி நடந்தது. 2020 மார்ச்சில் இன்னும் கடுமை: 12ஆம் தேதி 205 டாப்சன் வரை இறங்கியது. பனியில் உறையவிட்டு மிதக்கவிட்டிருந்த ஜெர்மானியக் கப்பல் போலார்ஸ்டெர்னிலிருந்து அந்த வசந்தத்தில் ஏறிய பலூன்கள், சுமார் 18 கிலோமீட்டர் உயரத்தில் ஓசோன் பெரும்பகுதி போய்விட்டதைக் கண்டன. நான்கே ஆண்டு கழித்து, 2024 மார்ச்சில், ஆர்க்டிக்கின் மாதச் சராசரி 477 டாப்சன். 1979 முதல் உள்ள பதிவில் எந்த மார்ச்சிலும் இவ்வளவு இருந்ததில்லை. குளோரின் குறைவுக்கு அதில் ஒரு பங்கு உண்டு. பெரும்பங்கு அந்தக் குளிர்காலக் காற்றோட்டத்தினுடையது. வடதுருவத்தில் வேதியியலையும் காற்றோட்டத்தையும் பிரித்தெடுக்க 1990களில் ‘மேட்ச்’ என்ற அழகான முறையைக் கண்டார்கள். ஒரு நிலையத்தில் பலூன் அளந்த அதே காற்றுக்கட்டி சில நாளில் எங்கே போய்ச் சேரும் என்று முன்கணித்து, அது கடக்கும் வேளையில் அங்குள்ள நிலையத்துக்குச் சொல்லி இன்னொரு பலூன் விடவைப்பார்கள். ஒரே காற்றை இருமுறை அளப்பதால், இடையில் காணாமல்போனது வேதிவினையால் போனதாகவே இருக்கும்.

நம் பக்கத்துக்கும் இதில் உண்மையான பங்கு உண்டு. ஓசோன் பெரும்பாலும் உருவாவது வெப்பமண்டல வானத்தில். அங்கிருந்துதான் மேல்காற்றோட்டம் அதைத் துருவங்களுக்குக் கொண்டுபோகிறது. துருவத்தைப் புரிந்துகொள்ள வெப்பமண்டலத்தில் நம்பகமான தரைநிலையங்கள் வேண்டும். கொடைக்கானல் வானிலை ஆய்வகத்தில் பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டின்போது தொடங்கிய டாப்சன் அளவீடு அப்படிப்பட்டது. இந்திய ஓசோன் ஆய்வை வளர்த்தவர் பாலக்காடு கல்பாத்தியில் பிறந்த கே.ஆர். ராமநாதன், சர் சி.வி. ராமனின் தொடக்ககால ஆய்வுத்துணைவர், அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர், பன்னாட்டு ஓசோன் ஆணையத்தின் தலைவராகவும் இருந்தவர். 1929இல் ஸ்பிட்ஸ்பெர்கனில் கோட்ஸ் என்ற ஆய்வாளர் கண்ட ஒரு விளைவு உண்டு. சூரியன் தாழும்போது தலைக்கு மேலான வானொளியில் இரண்டு அலைநீளங்களின் விகிதம் ஏறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் திரும்பும். அந்தத் திருப்பத்திலிருந்து, ஓசோன் எந்த உயரத்தில் எவ்வளவு என்று கணக்கிடும் வழியைச் செம்மைப்படுத்தியவர்களில் ராமநாதன் ஒருவர். வடதுருவத்தருகே பிறந்த ஒரு கவனிப்பு இந்திய வானத்தின் கீழ் கணக்கீட்டு முறையானது. இன்னொரு ராமநாதனும் உண்டு: அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்து, செகந்திராபாத்தில் ஒரு குளிர்சாதன நிறுவனத்தில் வாயுக் கசிவைத் தடுக்கும் வேலை பார்த்த வீரபத்ரன் ராமநாதன், அதே சி.எஃப்.சி. பூமியை வெப்பமாக்கவும் செய்கிறது என்று 1975இல் கண்டறிந்தார். மான்ட்ரியல் நெறிமுறை காலநிலைக்கும் செய்த நன்மையை அளக்க வழிசெய்தது அந்தக் கட்டுரை.

அளவீடு நின்றால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று சொல்கிறேன். சி.எஃப்.சி.-11 உற்பத்தி 2010க்குள் உலகெங்கும் நின்றிருக்க வேண்டும். ஆனால் காற்றில் அது குறையும் வேகம் 2012க்குப் பிறகு தளர்ந்தது. அதை 2018இல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் நோவாவின் ஸ்டீபன் மான்ட்ஸ்கா. யாரோ எங்கோ புதிதாக வெளியிடுகிறார்கள் என்று பொருள். கொரியாவின் கோசான், ஜப்பானின் ஹதேருமா நிலையங்களின் அளவுகளைக் காற்றின் திசையோடு இணைத்துப் பார்த்தபோது, பெரும்பகுதி கிழக்குச் சீனாவின் ஷாண்டோங், ஹெபெய் மாகாணங்களிலிருந்து வருவது தெரிந்தது. நடவடிக்கைக்குப் பின் 2019இல் வெளியேற்றம் மறுபடி இறங்கியது. நாடுகள் அனுப்பிய கணக்குத் தாள்களில் இந்த மீறல் இல்லவே இல்லை. காற்றில் இருந்தது.

செயற்கைக்கோள் இருக்கும்போது தரைக்கருவி எதற்கு என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. நிம்பஸ்-7இல் சூரிய ஒளியை உள்ளே அனுப்பும் ஒளிபரப்பித் தகடு, புறஊதாக் கதிர் பட்டுப் பட்டு மங்கியது. அதைச் சரியாகக் கழிக்காததால், உலகெங்கும் ஓசோன் ஆண்டுக்கு ஒரு விழுக்காடு குறைகிறது என்ற மிகைக்கணக்கு 1980களில் எழுந்தது. 1988இல் ஓசோன் போக்கு ஆய்வுக்குழு டாப்சன் நிலையங்களின் அளவோடு ஒப்பிட்டுத்தான் அதைத் திருத்தியது. டாப்சன் கருவிகளும் தவறாதவை அல்ல. அவற்றை எல்லாம் ஒப்பிடுவதற்கென்றே 83ஆம் எண் கருவி உலகத் தரமாக வைக்கப்பட்டு, ஹவாயின் மௌனா லோவா மலைமேல் சரிபார்க்கப்பட்டுவருகிறது. பத்தாண்டுக்கு ஓரிரு விழுக்காடு என்ற மீட்சியைப் பிடிக்க வேண்டுமானால், கருவியின் சொந்தத் தளர்ச்சி அதற்கும் கீழே இருந்தாக வேண்டும்.

2022 உலக ஓசோன் மதிப்பீட்டின்படி, இப்போதைய கொள்கைகள் நீடித்தால் அண்டார்டிகா 1980ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்புவது 2066 வாக்கில். ஆர்க்டிக் 2045 வாக்கில். மற்ற பகுதிகள் 2040 வாக்கில். அதாவது இன்னும் நாற்பது ஆண்டு அளக்க வேண்டும். இந்த நேரத்தில்தான் சங்கிலி மெலிகிறது. இருளில் பார்க்கும் அவுராவின் கருவி தன் ஆயுளின் இறுதியில் இருக்கிறது. அதே வேலையை அதே முறையில் செய்யும் வாரிசு மேலே இல்லை. ஓம்ப்ஸ் போன்ற செயற்கைக்கோள் கருவிகள் சிதறிய சூரிய ஒளியை நம்புபவை. துருவ இரவில் குருடு. பனித்தட்டில் விழுந்த பிளவுகளால் ஹாலி நிலையத்தில் 2017 முதல் குளிர்காலத்தில் ஆள் தங்குவதில்லை. ஆனாலும் வரிசையைக் கைவிட மனமில்லாமல், தானாக இயங்கும் சிறு விசையாழியை வைத்து, டாப்சன் கருவியையும் தானியங்கியாக மாற்றியிருக்கிறார்கள். 1956இல் தொடங்கியதை இப்படிக் காப்பாற்ற நினைத்தவர்களை நான் மனதார வணங்குகிறேன். நம்முடைய மைத்ரி நிலையத்திலும் இந்திய வானிலைத் துறையினர் ப்ரூவர் என்ற நிறமாலை ஒளிமானியாலும் பலூன்களாலும் ஓசோன் அளந்துவருகிறார்கள். அந்தத் தொடரும் அறுபடக் கூடாது.

கருவியை மாற்றும்போது பழையதையும் புதியதையும் குறைந்தது ஒரு வசந்தமாவது, முடிந்தால் சில ஆண்டுகள், பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றாக ஓடவிட வேண்டும். அதற்கான செலவை நிதிநிலைக் கணக்கில் முதலில் வெட்டுவதுதான் எங்கும் வழக்கம். அதை வெட்டினால், 2040இல் ஒருவர் வரைபடத்தில் காணும் சிறு ஏற்றம் ஓசோனுடையதா, புதுக்கருவியுடையதா என்று அவரால் சொல்ல முடியாது. இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களில் யாராவது ஒருநாள் வானிலைத் துறையிலோ துருவ ஆய்விலோ இந்தக் கோப்பில் கையெழுத்திடும் இடத்துக்கு வரக்கூடும். அப்போது அந்த ஒப்பீட்டு ஆண்டுகளுக்கான தொகையைக் கேட்டு வாங்குங்கள். பழைய கருவியின் மூல எண்களை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.